பெயரில்லாத் தொடர்களும் தொகுத்தோரும்

தொகுத்தவர் இல்லையேல் குறுந்தொகை இன்று கிடைத்திராது. பாடியவர் பெயர் அறியாதவிடத்துப் பாட்டின் தொடராலேயே செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார் எனப் பெயர் வழங்கியதும் தமிழ் மரபே. பெயர் காக்கும் இப்பணி, இளையோர்க்கான மாயக்கதைகளுக்கும் பின்னாளில் தேவைப்பட்டது.

1947 சூலையில் நாகிரெட்டியும் சக்கரபாணியும் சென்னையில் தெலுங்குச் 'சந்தமாமா'வையும் தமிழ் 'அம்புலிமாமா'வையும் தொடங்கினர். 1954இல், வால்மீன் எனப் பொருள்படும் 'தோகச்சுக்க' என்னும் தொடர் தெலுங்கில் வெளிவரலாயிற்று. மந்திரவாதிகளும் பாழ்ங்கோட்டைகளும் விந்தை விலங்குகளும் நிறைந்த இத்தகைய நெடுந்தொடர்கள் 20 ஆண்டுகளுக்கு மேலாக வந்தன. பிறமொழிப் பதிப்புகளிலும் இடம்பெற்றன. படங்களில் 'சித்ரா' என்னும் ஓவியரின் கையொப்பம் இருந்தது. கதையை எழுதியவர் பெயரோ அச்சேறவில்லை. அவர், ஆசிரியர் குழுவில் பணியாற்றிய தாசரி சுப்பிரமணியம்.

இதழ் திங்கள்தோறும் கழியும் பொருள். எனினும் வாசகர் சிலர் தொடரின் பக்கங்களைப் பிரித்தெடுத்துத் தைத்து, அட்டை கட்டிக் காத்தனர். விடுபட்ட இதழ்களைப் பழைய புத்தகக் கடைகளில் தேடினர். 2010இல் சுப்பிரமணியம் மறைந்தார். பின்னர் அத்தொடர்கள் அவர் பெயர் தாங்கித் தெலுங்கில் நூல்களாயின. புலவர்க்குத் தம் பாட்டுத் தந்த பெயரை, இவருக்கு அன்பர்களின் சேகரிப்பு மீட்டளித்தது எனலாம்.

தமிழ் இல்லங்களின் பரண்களிலும் அம்புலிமாமாக் கட்டுகள் இருத்தல் கூடும். அவற்றை எடைக்குப் போடுமுன், தொடரின் முதற்பக்கத்தில் அப்பெயரை எழுதி வைத்தல் வாசகர் கடன்.