சிறுநீர்க் கசிவு அறுவையும் புற்றுநோய் அச்சமும்



இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசிவது, பிள்ளை பெற்ற பெண்களிடமும் முதியோரிடமும் பரவலாகக் காணப்படும் நோவு. ஓயாத கசிவு உள்ளோர் தொழுகை நேரம் வந்தபின் உளூச் செய்து தொழலாம் என மார்க்கம் இலகுவாக்கியுள்ளது. ஆயினும் அச்சலுகை சிகிச்சையைத் தவிர்ப்பதற்கன்று. நம் எலவனாசூர்கோட்டையிலும் இதை வெளியே சொல்லப் பெண்கள் வெட்கப்படுகின்றனர். அறுவை என்றாலோ, ‘பின்னாளில் புற்றுநோய் வருமோ?’ என்ற அச்சமும் சேர்ந்துகொள்கிறது.

இவ்வச்சத்திற்கு வரலாற்றில் ஒரு காரணம் உண்டு. சிறுநீர்ப்பை திறந்த நிலையில் பிறந்த ஒருவருக்குச் சிறுநீர் குடல்வழியே வெளியேறுமாறு செய்த அறுவையை, 1852இல் லண்டன் மருத்துவர் ஜான் சைமன் வெளியிட்டார். பின்னர், பேறுகாலத்தில் சிறுநீர்ப்பையில் துளை விழுந்து, அதை மூட இயலாத பெண்களுக்கும் இவ்வகை அறுவை செய்யப்பட்டது. 1929இல் ஹாமர் என்பவர், இத்தகைய அறுவை நடந்து பத்தாண்டுகள் கழித்துக் குடலில் தோன்றிய புற்றுநோயை அறிவித்தார். அதன்பின் அத்தகைய செய்திகள் பெருகின. அறுவை பலித்ததா என்பது சில மாதங்களில் தெரியும்; தீங்கற்றதா என்பது தெரியப் பல்லாண்டுகள் ஆகும்.

இன்றைய முறை வேறு. 1996இல் சுவீடனின் உல்ஃப் உல்ம்ஸ்டென் குழு, பாலிப்ரொப்பிலீன் வலைநாடாவைச் சிறுநீர்ப் பாதையின் கீழ்த் தாங்கலாக வைக்கும் முறையை வெளியிட்டது. பிளாஸ்டிக் தகடு பொருத்திய எலிகளுக்குக் கட்டிகள் வந்ததை முந்தைய ஆய்வுகள் காட்டியிருந்ததால், இதிலும் ஐயம் எழுந்தது. 1958 முதல் நாடு முழுவதற்கும் புற்றுநோய்ப் பதிவேடு வைத்திருக்கும் சுவீடனே இதற்கு விடை தேடியது. 2018இல் வெளியான ஆய்வு, 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் 1997 முதல் 2009 வரையிலான பதிவுகளை நோக்கியது. நாடா வைக்கப்பட்ட ஏறத்தாழ 21,000 பேரிடம் இடுப்புறுப்புப் புற்றுநோய் கூடுதலாகக் காணப்படவில்லை.

இது ஆறுதலான செய்தி. ஆனால் கவலை முற்றிலும் தீர்ந்ததாகாது. நாடா சிலருக்கு நீங்கா வலியைத் தந்தது. சிலருக்குத் திசுவை அரித்து வெளிப்பட்டது. அதனாலேயே இங்கிலாந்து 2018இல் இவ்வறுவையை நிறுத்திவைத்தது. புற்றுநோய் அச்சத்தைவிட இவையே மருத்துவரிடம் கேட்க வேண்டியவை.

எனவே முதலில் இடுப்புத்தளத் தசைப்பயிற்சியைக் கற்றுச் செய்யுங்கள். அறுவை தேவையெனில் நாடாவா, சொந்தத் திசுவா எனக் கேளுங்கள். அறுவைச் சீட்டைப் பல்லாண்டுகள் பத்திரப்படுத்துங்கள். குடும்பத்து ஆண்களே, உங்கள் தாயும் மனைவியும் வெட்கமின்றி இதைச் சொல்ல இடம் கொடுங்கள்.

அல்லாஹ் நன்கறிந்தவன்.