சொல்தாக்களின் இரும்புப் பந்து

பிரான்சின் தென்கரையில் லா சியோத்தா என்றொரு கப்பல் கட்டும் ஊர். 1910க்குச் சற்று முன்பின், அங்கே ழூல் லெனுவார் என்பவரை வாதநோய் முடக்கியது. அந்த வட்டாரத்துப் பந்து விளையாட்டில் மூன்று தப்படி ஓடிவந்து எறிய வேண்டும், அவரால் முடியவில்லை. தரையில் ஒரு வட்டம் கீறி, அதற்குள் இரு கால்களையும் ஊன்றி நின்றபடியே எறியலாம் என்று விதியை மாற்றிக்கொண்டார்கள். பெத்தாங்க் ஆட்டம் அப்படிப் பிறந்தது. முடியாதவரை வெளியே உட்காரவைக்காமல், அவருக்காக ஆட்டத்தையே மாற்றினார்களே, அந்த மனசு பெரிது.

அப்போது பந்து மரத்தாலானது. தேயாமலிருக்க மேலெல்லாம் ஆணி அறைந்திருப்பார்கள். 1920களில் உலோகப் பந்து வந்தது. எஃகுத் தகட்டை அழுத்தி இரண்டு அரைக்கோளங்களாக்கி, ஒன்றாகப் பற்றவைப்பார்கள். உள்ளே வெறும் கூடுதான், ஆனாலும் எடை 650 முதல் 800 கிராம்.

புதுச்சேரிக்கும் அந்தப் பந்துக்கும் உள்ள உறவைக் கவர்னர் மாளிகையில் தேடுவதைவிடச் சொல்தாக்களின், அதாவது பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்த தமிழர்களின், வீடுகளில் தேடுவதே சரி. 1881 ஆணைப்படி சொந்தச் சட்டமுறையைத் துறந்து, பிரெஞ்சுச் சட்டத்தையும் புதுக் குடும்பப் பெயரையும் ஏற்ற தமிழர்கள் பலர் இந்தோசீனா வரைக்கும் அரசு வேலைக்கும் படைக்கும் போனார்கள். 1954 நவம்பர் 1இல் புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16இல் அதற்கான இந்திய-பிரெஞ்சு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமா என்று முடிவுசெய்ய ஆறு மாத அவகாசம் கிடைத்தது. வேண்டுமென்று எழுதிக் கொடுத்த குடும்பங்களிலிருந்து அதற்குப் பிறகும் பிள்ளைகள் பிரெஞ்சுப் படையில் சேர்ந்தார்கள். பென்ஷனோடு ஊர் திரும்பினார்கள். வெயில் தாழ்ந்ததும் மண் திடலில் கூடி பெத்தாங்க் ஆடுபவர்களில் இந்தச் சொல்தாக்கள் முக்கியமானவர்கள்.

சின்ன மரக்குண்டு ஒன்றை ஆறு முதல் பத்து மீட்டர் தூரத்துக்குள் போடுவார்கள். இரும்புப் பந்தை அதற்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். சிலர் அணைத்து வைப்பதில் கைதேர்ந்தவர்கள். சிலர் எதிராளி பந்தைக் குறிபார்த்து அடித்துத் தள்ளுவதில். அடித்த பந்து, அடிபட்டது இருந்த இடத்திலேயே நின்றுவிட்டால் அதற்கு மேல் சாதனை இல்லை. முதலில் 13 புள்ளி எடுத்தவர் ஜெயித்தவர். மண்ணின் மேடு பள்ளம் தெரிந்த கிழவரிடம் இளைஞர்கள் தோற்பது இங்கே சகஜம்.

ஆண்டவர்களின் ஆட்டத்தை ஆளப்பட்டவர்கள் தமதாக்கிக்கொண்டதற்கு உதாரணம் தேட வேண்டியதில்லை. 1911இல் கொல்கத்தாவின் மோகன் பகான் அணி, பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடி, ஆங்கிலேயப் படையணியைக் கால்பந்தில் வென்றது. பெத்தாங்கில் மடகாஸ்கர் 1999இல் உலகப் பட்டத்தையே பிடித்தது. பிரெஞ்சுக்காரரோடு அத்தனை காலம் புழங்கிய புதுச்சேரிக்கு அது எட்டாக்கனி அல்ல. பென்ஷன்காரர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட்டால் அவர்களோடு அந்தக் கைப்பழக்கமும் போய்விடும். பெரிய மைதானமோ புல்தரையோ வேண்டாம். சர்வதேசப் போட்டிக்கே 15 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் உள்ள மண்தரை போதும். அவ்வளவு இடம் எந்தப் பள்ளிக்கூட மூலையிலும் கிடைக்கும், கற்றுக்கொடுக்க ஆட்களும் பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறார்கள்.