வடகமும் வதுவானும்

அரசர்களின் படையெடுப்புகளை ஏட்டில் எழுதிவைத்த மனிதன், அப்படையெடுப்புகள் பலவற்றிற்குக் காரணமாயிருந்த மிளகையும் இலவங்கத்தையும் அடுப்பங்கரையோடு விட்டுவிட்டான். எனினும், அடுப்பங்கரைக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனைத் தேடிச் செல்லுமாறு நம்மைத் தூண்டியது அண்மையில் நாம் கலந்துகொண்ட ஒரு விருந்து.

முன்னாளில் நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் சென்னை பெசன்ட் நகரில், கடற்கரைக்கு அருகே குடியிருக்கிறார். அவருடைய துணைவியார் பிரெஞ்சு வீட்டுச் சமையலில் ஆர்வம் மிக்கவர். அன்று உருளைக்கிழங்கை மெல்லிய வில்லைகளாக அரிந்து, பாலேட்டில் அடுக்கி, அடுப்பில் வேகவைத்திருந்தார். மீனுக்குக் குங்குமப்பூ கலந்த வெண்ணெய்ச் சாறு. கிழங்கின் மீது 'ட்ரஃபிள்' எண்ணெய் என்று ஒரு சிறு குப்பியிலிருந்து சில துளிகள். பரிமாறியபின் அப்பெண்மணி தயக்கத்துடன், "ஹஜ்ரத், இந்தக் குப்பியின் விலையைச் சொன்னால் மாமி கோபித்துக்கொள்வார்கள். இது இஸ்ராஃபில் சேருமா?" என்று கேட்டார். காரைக்காலில் பிறந்து வளர்ந்த மாமியாரோ, "என் வடகத்தில் இல்லாத வாசனையா இதில் வந்துவிட்டது?" என்றார். இருவர் சொல்லிலும் பொருள் இருந்தது. அன்று விடை கூறாமல் வந்துவிட்டோம். இக்கட்டுரையே அவ்விடை.

பெசன்ட் நகருக்கு வடக்கே அடையாறு கடலில் கலக்கிறது. 1746ஆம் ஆண்டு சென்னையைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றியபோது, ஆர்க்காட்டு நவாப் அன்வருத்தீன் கானின் மகன் மஹ்பூஸ் கான் பெரும்படையுடன் வந்து, அவ்வாற்றங்கரையில் அவர்களை எதிர்கொண்டார். பிரெஞ்சுத் தளபதி பாரதியின் சிறுபடை அன்று வென்றது. தென்னிந்திய வரலாற்றையே திருப்பிய போர் அது. அதே 1746இல் பாரிஸ் நகரில் மெனோன் என்பவர் ஒரு சமையல் நூலை வெளியிட்டார். அரண்மனைச் சமையற்காரர்களுக்காக அன்றி, நடுத்தரக் குடும்பங்களின் அடுப்படியில் நிற்கும் பெண்களுக்காக எழுதப்பட்ட நூல் அது. பிரெஞ்சு வீட்டுச் சமையலின் அடிப்படை நூல்களுள் ஒன்றாக இன்றும் அது மதிக்கப்படுகிறது. ஒருபுறம் நம் கரையில் பீரங்கி. மறுபுறம் அவர்கள் வீட்டில் கரண்டி. இரண்டுக்கும் இடையே ஓடிய பாலம் வாசனைப் பொருள்களின் வாணிபமே.

ஆனால் அப்பாலத்தின் அடிக்கற்களை நாட்டியவர்கள் பிரெஞ்சுக்காரர் அல்லர். ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டிலேயே பக்தாதில் இப்னு ஸய்யார் அல்வர்ராக் சமையலுக்கென ஒரு பெருநூல் தொகுத்தார். ஹிஜ்ரி 623இல், அதாவது கி.பி. 1226இல், முஹம்மத் இப்னுல் ஹஸன் அல்பக்தாதி மற்றொன்றை எழுதினார். உலக இன்பங்களை ஆறாக வகுத்து, அவற்றுள் உணவையே தலையாயது என்று அவர் வைத்தார். இனிப்போடு புளிப்பு, இறைச்சியோடு பழம், பன்னீரோடு குங்குமப்பூ எனச் சுவையோடு சுவையை இணைத்துப் பார்க்கும் சோதனைகள் அந்த அடுப்புகளில் அன்றே நிகழ்ந்தன.

இவற்றின் சுவடு பிரெஞ்சு மொழியிலேயே பதிந்துள்ளது. ஸஅஃபரான் அங்கே சஃப்ரான் ஆயிற்று. ஸுக்கர் சுக்ர் ஆயிற்று. ஷராப் சிரோ ஆயிற்று. கஹ்வா கஃபே ஆயிற்று. இந்தியப் பேரீச்சை என்னும் பொருளில் அரபிகள் நம் புளிக்கு இட்ட 'தமர் ஹிந்தி' என்ற பெயரே அவர்களிடம் 'தமரேன்' ஆயிற்று. காடியில் சமைத்த 'ஸிக்பாஜ்' என்னும் இறைச்சி வகை, ஸ்பெயின் வழியாகச் சென்று, தென்பிரான்சில் மீனைக் காடியில் ஊறவைக்கும் 'எஸ்கபெஷ்' ஆகியது என்பது ஆய்வாளர் கருத்து.

கி.பி. 1393ஆம் ஆண்டளவில் பாரிசில் வாழ்ந்த முதியவர் ஒருவர், தம் பதினைந்து வயது மனைவிக்காக ஒரு நூல் எழுதினார். வீட்டை நடத்தும் முறையும், விருந்துப் பட்டியல்களும், சமையற் குறிப்புகளும் அதில் உள்ளன. இஞ்சி, இலவங்கப்பட்டை, கிராம்பு, குங்குமப்பூ, திப்பிலி என அவர் குறிப்பிடும் சரக்குகள் நம் நாட்டு மருந்துக்கடையை நினைவூட்டும். அக்காலத்தில் மலபார்க் கரையிலிருந்து அரபுக் கப்பல்களில் செங்கடலுக்குச் சென்ற மிளகு, எகிப்தின் 'காரிமி' வணிகர் கைக்கு மாறி, அலெக்சாந்திரியாவில் வெனிஸ் நகரத்தாரை அடைந்து, பின்னரே பாரிசைச் சேர்ந்தது. கைமாறுந்தோறும் விலை ஏறியது. நம் கொல்லையில் படர்ந்த கொடி அங்கே செல்வரின் அடையாளமாயிற்று.

பின்னர் 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்தார். நாளடைவில் ஐரோப்பியக் கம்பெனிகளின் கப்பல்கள் வாசனைச் சரக்குகளை மூட்டை மூட்டையாகக் கொண்டு குவித்தன. மிளகு எல்லார்க்கும் எட்டியதும் செல்வர்க்கு அது அலுத்துவிட்டது. 1651இல் வெளியான லா வாரேனின் நூலில் பழைய மசாலைகள் பின்வாங்கி, வெண்ணெயும் பச்சிலைகளும் காளானும் முன்வந்து நிற்பதைக் காணலாம். இம்மாற்றத்திற்குக் காரணங்கள் பல கூறப்படினும், மிளகு மலிந்ததும் அவற்றுள் ஒன்று என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. மேன்மை மிளகில் இருந்ததெனில் அது மலிந்தபோதும் மேன்மை நீங்கியிராது. அவர்கள் விலை கொடுத்தது தூரத்திற்கன்றோ!

அப்பெண்மணியின் குப்பிக்கு வருவோம். ட்ரஃபிள் என்பது மண்ணுக்கடியில் விளையும் ஒருவகைக் காளான். பிரியா-சவாரன் என்ற பிரெஞ்சு அறிஞர் 1825இல் எழுதிய நூலில் அதனை வைரத்துக்கு ஒப்பிட்டார். இதன் இனத்தை ஒத்த பாலைவனக் காளானை அரபிகள் 'கம்ஆ' என்பர். அது 'மன்னு' வகையைச் சார்ந்தது என்றும், அதன் நீர் கண்ணுக்கு நிவாரணம் என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதாகப் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் பதிவாகியுள்ளது. உழாமலும் விதைக்காமலும், மழைக்குப்பின் பாலையில் வெடித்தெழும் அதனை, ஏழைப் பதுவிகள் கையால் தோண்டி உண்டனர். அங்கே வறியவனுக்கு இறைவன் இட்ட உணவு. இங்கே செல்வனின் வைரம். பிரான்சின் கருநிறக் காளானும் அரபுக் கம்ஆவும் வேறு வேறு வகைகளே, மணத்திலும் பெரிய வேறுபாடு உண்டு. ஆயினும் இங்கு ஒன்று கூறவேண்டும். சந்தையில் விற்கும் ட்ரஃபிள் எண்ணெய்களுட் பெரும்பாலானவை அக்காளானில் ஊறியவை அல்ல. இரசாயன முறையில் ஆக்கிய மணம் சேர்க்கப்பட்டவை. ஹிஸ்பா என்னும் அங்காடிக் கண்காணிப்புப் பற்றி ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில் எழுதிய அஷ்ஷைஸரி, குங்குமப்பூவில் நடக்கும் கலப்படங்களை விவரித்து எச்சரிக்கிறார். ஒரு கிலோ குங்குமப்பூவுக்கு ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் மலர்கள் தேவைப்படும். அத்தகைய பொருளில் கலப்படம் புகுவதில் வியப்பில்லை. அரிய பொருளை வாங்குபவர் முதலில் அறியவேண்டியது அது மெய்யா என்பதே.

விலையுயர்ந்த பொருளுக்குப் பின்னால் யாருடைய கை இருக்கிறது என்பதையும் நாம் மறத்தல் ஆகாது. பிரெஞ்சு வீடுகளின் பாற்பண்டங்களில் மணக்கும் வனிலாக் கொடி மெக்சிகோவைச் சேர்ந்தது. ரெயூனியன் தீவில் அது படர்ந்ததே அன்றிக் காய்க்கவில்லை. 1841இல், எட்மண்ட் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன், சிறு குச்சியாலும் கட்டைவிரலாலும் அம்மலரில் மகரந்தம் சேர்க்கும் முறையைக் கண்டறிந்தான். உலகின் வனிலாத் தோட்டங்கள் அம்முறையாலேயே வாழ்கின்றன. 1848இல் அடிமைத்தளை நீங்கிய எட்மண்ட், 1880இல் வறுமையில் மாண்டார். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிய தமிழ்க் கூலிகள் பலர் அதே தீவின் கரும்புத் தோட்டங்களில் உழைத்தனர்.

இனி மாமியாரின் வடகத்துக்கு வருவோம். 1674 முதல் புதுச்சேரியிலும், 1739 முதல் காரைக்காலிலும் பிரெஞ்சுக்காரர் இருந்தனர். அவர்கள் வீட்டு அடுப்புகளில் தமிழர் சமைத்தனர். சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் இடித்து, கடுகு, உளுந்து, வெந்தயம், சீரகம், மஞ்சள், கறிவேப்பிலை சேர்த்துப் பிசைந்து, உருண்டை பிடித்து, பகலில் வெயிலில் காயவைத்து, இரவில் மூடிவைத்துப் பல நாள் பக்குவம் செய்வதே நம் தாளிப்பு வடகம். பேச்சு வழக்கில் அது 'வடவம்'. அச்சொல்லே பிரெஞ்சு நாவில் 'வதுவான்' ஆயிற்று. இன்று பிரான்சின் புகழ்பெற்ற உணவகங்களில் அதனை வெண்ணெயில் பொரித்து மீனோடும் நண்டோடும் இணைக்கின்றனர். சிறு புட்டிகளில் அடைத்து நல்ல விலைக்கு விற்கின்றனர். இதில் அவர்களைக் குறை கூற ஒன்றுமில்லை. எடுத்ததைப் பெயரோடு எடுத்தார்கள்; எழுதியும் வைத்தார்கள். நம் வீடுகளிலோ அதன் பக்குவம் முதியவரின் கைப்பழக்கத்தில் மட்டுமே இருக்கிறது. அக்கை ஓய்ந்தால் அதுவும் ஓய்ந்துவிடும்.

இப்போது கேள்விக்கு விடை. உண்ணவும் பருகவும் ஏவிய இறைமறை, ஏழாம் அத்தியாயத்தில், அத்துடனேயே வரம்பு மீறுவதைத் தடுக்கிறது. அடுத்த வசனத்திலேயே, இறைவன் அளித்த நல்லுணவுகளை விலக்கியவர் யார் என்றும் வினவுகிறது. இரண்டையும் சேர்த்தே ஓதவேண்டும். புதிய சுவையை அறிய விழைவது குற்றமன்று. கடன்பட்டு வாங்குவதும், பிறர் காணவென்று வாங்குவதும், வாங்கியதை வீணே எறிவதுமே இஸ்ராஃப். பிரெஞ்சு முறையில் மது சேரும் இடங்களில், கொதித்து ஆவியாகிவிடும் என்ற சமாதானம் நமக்கு உதவாது. அதற்குத் தேவையும் இல்லை. பக்தாதின் சமையலார் 'ஹிஸ்ரிம்' என்ற பெயரில் புளித்த திராட்சைக்காயின் சாற்றைக் கையாண்டனர். பழைய பிரெஞ்சு அடுப்புகளிலும் அதே காய்ச்சாறு 'வெர்ஜு' என்ற பெயரில் தாராளமாக வழங்கிற்று. காடியைச் சிறந்த தொடுகறியென நாயகம் (ஸல்) அவர்கள் புகழ்ந்திருப்பதும் நாமறிந்ததே.

இதனை எடுத்துரைக்கச் சில வாரங்களுக்குப்பின் மீண்டும் அவ்வீட்டிற்குச் சென்றோம். வதுவானின் கதையைக் கேட்ட மருமகள், உள்ளே சென்று மாமியாரின் சாடியிலிருந்து ஓர் உருண்டையை எடுத்து, வெண்ணெயில் உதிர்த்துப் பொரித்து, வஞ்சிரத் துண்டுகளின் மீது ஊற்றிக் கொண்டுவந்தார். ஒரு கவளம் உண்ட முதியவர், "இது நம்ம வீட்டு மணமாச்சே!" என்றார். "இதைத்தான் மாமி, பிரான்சில் புட்டியில் விற்கிறார்களாம்" என்றார் மருமகள். "அப்படியானால் எழுதிக்கொள், எதற்கு எவ்வளவு என்று சொல்கிறேன்" என்று அம்மூதாட்டி தொடங்க, மருமகள் குறிப்பேட்டைத் தேடி எழுந்தார்.

ஒவ்வோர் இல்லத்திலும் அத்தகைய குறிப்பேடு ஒன்று எழுதப்பட வேண்டும் என்பதே நம் அவா. பாரிஸ் முதியவர் தம் மனைவிக்காக எழுதியது அறுநூறு ஆண்டுகளாக நிற்கிறது. நம் அன்னையர் சொல்வதை நாம் இன்று எழுதாவிடில், நாளை நம் பேத்திகள் வடகத்தையும் தூரதேசத்துப் பொருளென்று விலைகொடுத்து வாங்க நேரிடும்.