பட்டமும் பணித்தகுதியும்: அமெரிக்க அரசுப்பணி நியமன வரலாற்றில் கல்வித்தகுதி நிபந்தனை

திறவுச்சொற்கள்: அரசுப்பணி, கல்வித்தகுதி, பெண்டில்டன் சட்டம், கிரிக்ஸ் வழக்கு, போட்டித்தேர்வு

முன்னுரை

2022 மார்ச்சில் மேரிலாந்து ஆளுநர் லாரி ஹோகன், மாநில அரசின் ஆயிரக்கணக்கான பணியிடங்களுக்கு நான்காண்டுப் பட்டம் இனிக் கட்டாயமில்லை என அறிவித்தார். அவ்வாண்டு டிசம்பரில் யூட்டாவும், 2023 சனவரியில் பென்சில்வேனியாவும் இதனைப் பின்பற்றின. பென்சில்வேனியாவில் மட்டும் ஏறத்தாழ 65,000 பணியிடங்கள், அதாவது 92 விழுக்காடு, பட்டமில்லாத் திறனாளர்க்குத் திறந்துவிடப்பட்டன. இவ்வறிவிப்புகள் புதுமையெனப் பேசப்பட்டன. கூட்டாட்சி அரசின் நியமன வரலாற்றை நோக்குமிடத்து, பட்டம் கேளாமையே அங்குப் பழைய நெறியாக இருந்தமை புலனாகின்றது. அந்நெறி எங்கே தளர்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

நடைமுறை சார்ந்த தேர்வு

1881இல் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டை, அரசுப்பதவி கிட்டாத ஒருவன் சுட்டான். அதன் விளைவாக எழுந்த கிளர்ச்சியில் 1883 சனவரியில் பெண்டில்டன் சட்டம் பிறந்தது. அதன் வரைவில் பெரும்பங்காற்றிய டோர்மன் ஈட்டன், பிரித்தானியக் குடிமைப்பணியை நேரில் பயின்று நூல் எழுதியவர். எனினும் செனட் சபை பிரித்தானிய முறையை அப்படியே ஏற்கவில்லை. ஆக்சுபோர்டு, கேம்பிரிட்ச் பாடத்திட்டத்தை ஒட்டியமைந்த அத்தேர்வே (சென்னை மாகாணத்திற்கு ஆட்சியர்களை அனுப்பியதும் இம்முறைதான்) கல்லூரி கண்டவர்க்கு மட்டுமே எட்டும் என உறுப்பினர் அஞ்சினர். ஆகவே தேர்வுகள் நடைமுறை சார்ந்தனவாக இருத்தல் வேண்டும் என்ற சொற்கள் சட்டத்தில் இடம்பெற்றன. எழுத்தர் பணிக்குக் கையெழுத்தும் கணக்கும் கடிதம் வரைதலும் சோதிக்கப்பட்டன.

1944ஆம் ஆண்டுச் சட்டம்

ஆய்வாளர் பலர் கடந்துவிடும் சட்டமொன்று ஈண்டு நோக்கத்தக்கது. 1944 சூன் 22இல் ரூசுவெல்ட், படைவீரர்க்குக் கல்லூரிக் கதவைத் திறந்த சட்டத்தில் ஒப்பமிட்டார். ஐந்து நாள் கழித்து, சூன் 27இல், முன்னாள் படைவீரர் முன்னுரிமைச் சட்டத்திலும் ஒப்பமிட்டார். பின்னது, அறிவியல், தொழில்நுட்ப, உயர்தொழில் பணிகளில் கல்வியின்றி ஆற்றவியலாதவை நீங்கலாக, கூட்டாட்சித் தேர்வுகளுக்குக் குறைந்தபட்சக் கல்வித்தகுதி விதிப்பதையே தடைசெய்தது. இத்தடை கூட்டாட்சிப் பணிகளை மட்டுமே கட்டுப்படுத்தியது. மாநிலங்கள் தம் விருப்பம்போல் பட்டம் கேட்டது இதனாலேயே இயன்றது. கூட்டாட்சிப் பணியிலும் ஐந்தாம் நிலை நிர்வாகப் பணிகள் பலவற்றுக்கு, பட்டம் அல்லது மூன்றாண்டு அனுபவம் என்ற மாற்றுவழி இருந்துவந்தது.

தேர்வு மறைந்த பின்

1971இல் கிரிக்ஸ் எதிர் டியூக் பவர் வழக்கில், உயர்நிலைப்பள்ளிச் சான்றிதழும் பொதுத் திறனறி தேர்வும் பணியோடு தொடர்புடையனவென நிறுவப்படாதவிடத்து, கறுப்பினத்தாரை மிகுதியாக விலக்கும் அந்நிபந்தனைகள் செல்லா என உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 1972ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் அரசையும் இவ்விதிக்குள் கொணர்ந்தது. சான்றிதழ், தேர்வு இரண்டையும் ஒரே அளவுகோலால் அளந்தமையே இத்தீர்ப்பின் சிறப்பு என்பேன்.

பின்னர் நிகழ்ந்ததோ வேறு. நூற்றுக்கும் மேற்பட்ட பணிவகைகளுக்கு 1974 முதல் நடந்த பொதுத்தேர்வு, கறுப்பினத்தாரையும் இசுபானிய வழியினரையும் பெருமளவில் விலக்கியதாக லூவானோ வழக்கு எழுந்தது. 1981இல் ஏற்பட்ட உடன்பாட்டு ஆணையால் அத்தேர்வு கைவிடப்பட்டது. அவ்வாணையே சிறுபான்மையினர்க்கு உதவும் துணைவழியாக, கல்லூரியில் 3.5 மதிப்பெண் சராசரி பெற்றோரைத் தேர்வின்றி அமர்த்தும் திட்டத்தையும் உருவாக்கியது. தேர்வின் அநீதியைக் களைய எழுந்த ஏற்பாடு கல்லூரி மதிப்பெண்ணை நுழைவாயிலாக்கியமை ஒரு முரண். 2005இல் பணிநெறிப் பாதுகாப்பு வாரியம், இத்திட்டத்தைக் கொண்டு படைவீரர் முன்னுரிமையைத் தவிர்க்கலாகாது எனத் தீர்மானித்தது. பொதுத்தேர்வு இல்லாத இடத்தில், விண்ணப்பதாரர் தம்மைத் தாமே மதிப்பிட்டுக்கொள்ளும் வினாப்பட்டியலும் பரவியது. தன்மதிப்பீட்டை நம்பாத அலுவலர் பட்டத்தை நாடுவது இயல்பே.

அண்மைக்கால ஆணைகள்

2020 சூனில் வெளியான நிருவாக ஆணை, உரிமச்சட்டம் கோரும் பணிகள் தவிரப் பிறவற்றுக்குக் கல்வித்தகுதி விதிப்பதைக் கட்டுப்படுத்தியதோடு, தன்மதிப்பீட்டை மட்டும் நம்புவதையும் குறைகூறியது. 2024 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் திறன் மதிப்பீட்டில் துறை வல்லுநர்க்கு இடமளித்தது. மாநிலங்களின் அறிவிப்புகள் விளம்பரத்திலிருந்து ஒரு வரியை நீக்கின. அவ்வரி செய்த வேலையை யார் செய்வது என்ற வினாவை இவ்விரு ஆவணங்களே எதிர்கொள்கின்றன. மின்பணியாளர் ஒருவரின் கைத்திறனை அளக்க, மற்றொரு மின்பணியாளர் தம் வேலையை விட்டுவந்து அமர வேண்டும். அந்நேரத்திற்கு நிதி ஒதுக்குவது நியமனப் பிரிவா, பணியாளரை அனுப்பும் துறையா என்பதைப் பொறுத்தே இந்நெறியின் நடைமுறை அமையும்.