கையொப்பமும் தவிர்ப்பும்: டெம்ப்சி – வில்ஸ் ஒப்பந்தங்கள் குறித்து ஒரு மறுவாசிப்பு

ஜாக் டெம்ப்சி 1919 முதல் 1926 வரை உலக ஹெவிவெயிட் குத்துச்சண்டைப் பட்டத்தை வைத்திருந்த ஏழாண்டுகளில், அப்பட்டத்துக்கு உரிமை கோரியவர்களுள் முன்னணியில் நின்ற கருப்பின வீரர் ஹாரி வில்ஸுடன் ஒருமுறைகூட மோதவில்லை. போட்டி ஏற்பாட்டாளர் டெக்ஸ் ரிக்கார்டும், 1910இல் ஜாக் ஜான்சன் ஜிம் ஜெஃப்ரீஸை வீழ்த்தியபோது மூண்ட இனக் கலவரங்களை மறவாத அரசியலாளருமே இதற்குக் காரணம், டெம்ப்சி சண்டைக்கு ஒருப்பட்டே இருந்தார் என்பது நெடுங்காலமாக நிலவிவரும் வாசிப்பு. அவர் இட்ட கையொப்பங்களை அவ்வாசிப்பு தலையாய சான்றாகக் காட்டுகிறது. அக்கையொப்பங்கள் தவிர்ப்பை மறுக்கவில்லை என்பதும், தவிர்ப்புக்கே அவை ஒரு வழியாக அமைந்தன என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

பெரிதும் எடுத்தாளப்படுவது 1925ஆம் ஆண்டு ஒப்பந்தம். டெம்ப்சி பிற்காலத்தில் கூறியபடி, மிச்சிகனைச் சேர்ந்த ஏற்பாட்டாளர் ஃபிலாய்ட் ஃபிட்ஸ்சிம்மன்ஸ் வில்ஸுக்கு 50,000 டாலர் கொடுத்துவிட்டார். டெம்ப்சிக்குப் பேசிய முன்பணமோ முழுமையாக வந்துசேராமல் ஒப்பந்தம் முறிந்தது. இதை மெய்யென்றே கொண்டாலும், பணம் வரவில்லை என்பது மட்டுமே நிறுவப்படுகிறது. வந்திருந்தால் சண்டை நடந்திருக்கும் என்பது ஊகமாகவே நிற்கிறது.

அந்த ஊகத்தைச் சோதித்துப் பார்க்க உதவும் ஆவணம், சட்ட மாணவர்கள் நன்கறிந்திருந்தும் விளையாட்டு வரலாற்றில் உரிய இடம் பெறாத சிகாகோ கொலிசியம் கிளப் – டெம்ப்சி வழக்கின் தீர்ப்பாகும். 1932இல் இல்லினாய் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழங்கிய இத்தீர்ப்பின்படி, 1926 மார்ச் 13 அன்று டெம்ப்சி அக்கிளப்புடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், வில்ஸுடன் பட்டத்துக்காக மோதுவதற்கு 8 லட்சம் டாலர் உறுதியளிக்கப்பட்டிருந்தது. அதில் 3 லட்சம் ஆகஸ்ட் 5 அன்றும், எஞ்சிய 5 லட்சம் சண்டைக்குப் பத்து நாள் முன்னதாகவும் தரப்பட வேண்டும். அதற்கு முன் வேறு சண்டை எதிலும் அவர் இறங்கக் கூடாது. ஆனால் ஜூலை 10 அன்றே, ஜீன் டன்னியுடனான சண்டைக்குத் தாம் பயிற்சியில் இருப்பதாகவும் கிளப்பிடம் ஒப்பந்தமே கிடையாது என்றும் டெம்ப்சி தந்தி அனுப்பிவிட்டார். முதல் தவணைக்கு இன்னும் நான்கு வாரம் இருந்த நிலையில், ஏற்பாட்டாளர் பணம் தரத் தவறினார் என்ற விளக்கத்துக்கு இங்கே இடமே இல்லை. தீர்ப்பு ஒப்பந்தம் மீறப்பட்டதாகவே கொண்டது. நடவாத சண்டையின் இலாபத்தைக் கணிக்க இயலாதென மறுத்து, கையொப்பத்துக்கும் மீறலுக்கும் இடையே ஆன செலவை மட்டுமே கோரத்தக்கதாக்கியது. ஒப்பந்தத்தை முறிப்பதற்கான விலை எத்துணைக் குறைவு என்பதையும் இது காட்டுகிறது.

நீதிமன்றம் டெம்ப்சியின் உள்நோக்கத்தை ஆராயவில்லை என்பது உண்மையே. எனினும் அந்நோக்கத்தை உய்த்துணரப் பிற சான்றுகள் உண்டு. பட்டம் வென்றவுடனேயே, எந்த ஆணையமும் குறுக்கிடாத 1919 ஜூலையில், கருப்பின வீரர்களோடு பட்டத்துக்கு மோதுவதில்லை என்ற ‘நிறக்கோட்டை’ அவர் வரைந்ததாகச் செய்தி வெளியானது. மாறாக, நியூயார்க் மாநிலத் தடகள ஆணையம் வில்ஸையே உரிய எதிராளியாக வலியுறுத்தியபோது, டன்னியுடனான சண்டை பிலடெல்பியாவுக்குப் பெயர்ந்தது. அச்சண்டையை ஏற்பாடு செய்த ரிக்கார்டின் பணம் கைக்கு நிச்சயம் என்பதால் அவ்வழி சென்றார் எனலாம். ஆயின் குறைந்த ஆபத்தில் நிறைந்த ஊதியத்தைத் தேர்ந்தார் என்பதே அதன் பொருளாகும்.

இதை அச்சமென்றோ தனிமனித இனவெறுப்பென்றோ சுருக்கிவிடவும் இயலாது. கருப்பினத்தவரான ஜான்சனே, பட்டம் பெறுமுன் தாம் மோதியிருந்த சாம் லாங்ஃபோர்டுக்கும் ஜோ ஜெனட்டுக்கும் பட்டம் பெற்றபின் வாய்ப்பளிக்கவில்லை. இழந்தால் மீளாத ஒரு சொத்தாகப் பட்டம் இருக்கும்வரை, வலிய எதிராளியை முதுமை எய்தும்வரை காக்கவைப்பது சாம்பியனுக்கு ஆதாயமே. எடைப் பிரிவுகளிலும் இக்கணக்கே செல்லும்: 160 பவுண்டு உச்சவரம்புள்ள பிரிவின் பட்டத்தை வைத்திருந்தும் 155 பவுண்டிலேயே சண்டையிட்டுவந்த சவுல் ‘கனேலோ’ ஆல்வரெஸ், 2016இல் உலகக் குத்துச்சண்டை கவுன்சிலின் அப்பட்டத்தைத் துறந்தார்; அப்பிரிவின் வலிய எதிராளியான கென்னடி கொலோவ்கினைச் சந்தித்தது 2017இல், எதிராளி 35 வயதை எட்டியபின்.

1926 அக்டோபரில் ஜாக் ஷார்க்கியிடம் வில்ஸ் தோற்றதைக் காட்டி, அவர் டெம்ப்சிக்கு இணையல்லர் என்பது வலுவற்ற வாதம். அப்போது வில்ஸுக்கு வயது 37. டெம்ப்சியோ அதற்கு மூன்று வாரம் முன்பே டன்னியிடம் பட்டத்தை இழந்திருந்தார்.

ஒப்பந்தம் செய்தார் என்பதிலிருந்து சண்டையிட விரும்பினார் என்று முடிவுகட்டும் முறை இனிக் கைவிடத்தக்கது. 1915இல் ஜான்சன் பட்டத்தை இழந்தபின், ஹெவிவெயிட் பட்டத்துக்கு மோதும் வாய்ப்பு மற்றொரு கருப்பின வீரருக்கு 1937 ஜூனில்தான் கிட்டியது. அவ்வீரரான ஜோ லூயிஸ் அன்றே வென்றார்.