பயன் கருதாத ஒரு சொல்

ஒரு சிறு கூட்டம் தனக்குள் பேசிக்கொள்ள உண்டாக்கிய சொல், வெளியே போகும்போது எதை இழக்கிறது? இந்தக் கேள்வி என்னைச் சில காலமாகத் தொந்தரவு செய்கிறது. ‘ஹாக்கர்’ என்ற சொல்லை வைத்து இதைப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், பொம்மை ரயில் விடும் மாணவர் சங்கம் ஒன்று 1946இல் ஏற்பட்டது. மேஜைமேல் ரயில், தண்டவாளம்; மேஜைக்கடியில் தொலைபேசி ரிலேக்கள், ஒயர்கள். மேலே ஓடிய ரயிலைவிடக் கீழே கிடந்த சிக்கலில் மோகம் கொண்டவர்கள் ஒரு தனிக் கோஷ்டி. சங்கத்தைச் சேர்ந்த பீட்டர் சாம்ஸன் 1959இல் அவர்களுடைய வழக்குச் சொற்களை ஒரு சிறு அகராதியாகத் தொகுத்தார். ‘ஹாக்’ என்பதற்கு அதில் முதலாவதாக வரும் பொருள், ஆக்கபூர்வமான லட்சியம் எதுவுமின்றிச் செய்கிற காரியம் என்பது. செய்கிறவன் ஹாக்கர். பரிகாசமும் பெருமையும் கலந்த சொல்.

1958இல் கழகத்துக்கு டிஎக்ஸ்-0 என்ற கணிப்பொறி வந்தது. அதற்குமுன் இருந்த ஐபிஎம் யந்திரத்தைத் தொட முடியாது. துளையிட்ட அட்டைகளை ஊழியரிடம் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். இதன்முன் நேரே உட்காரலாம். இரவுகளில் உட்கார்ந்தார்கள். சாம்ஸன் அதை பாஹின் சங்கீதம் வாசிக்க வைத்தார். யாரும் கேட்டுச் செய்ததல்ல அது.

யந்திர பாஷை மனித பாஷையை வறளச் செய்துவிடும் என்று நம்மில் பலர் சொல்லியிருக்கிறோம். இவர்களிடம் நடந்தது வேறு. லிஸ்ப் என்ற நிரல்மொழியில் ஒரு பெயரின் கடைசியில் ‘பீ’ சேர்த்தால் அது ஆமா இல்லையா என்ற கேள்வியாகும். இதைப் பேச்சிலும் ஏற்றினார்கள். சீன உணவு விடுதியில், இருவருக்கான சூப்பைப் பங்கிட ஆள் தேடிய பில் காஸ்பர், “ஸ்ப்ளிட்-பீ சூப்?” என்று கேட்டாராம். பங்கிடலாமா என்ற கேள்வி. உடைத்த பட்டாணி சூப்பின் பெயரும் அதுவே. இலக்கணத்தோடு இப்படி விளையாடுகிறவனைக் கவிஞனுக்கு அந்நியனாக என்னால் நினைக்க முடியவில்லை.

1975இல் ஸ்டான்ஃபோர்டில் ரஃபேல் ஃபிங்கல் தொடங்கிய சொற்பட்டியல் பலர் கைபட்டு வளர்ந்து, 1983இல் கை ஸ்டீலின் பதிப்பில் புத்தகமாயிற்று. அதே 1983இல் மில்வாக்கி இளைஞர்கள் சிலர் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தின் கணிப்பொறி ஒன்றுக்குள் நுழைந்த செய்தி வெளியாயிற்று. பத்திரிகைகள் ‘ஹாக்கர்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டு அத்துமீறுபவன் என்று பொருள் செய்தன. 1985 வாக்கில் பழையவர்கள் திருடனுக்கென்று ‘கிராக்கர்’ என்ற சொல்லை உண்டாக்கிப் பார்த்தார்கள். ஊர் ஏற்கவில்லை.

சொல்லின் பொருள் மாறுவதில் எனக்குப் புகார் இல்லை. சொற்கள் மாறத்தான் செய்யும். ஆனால் இங்கே உதிர்ந்தது எது என்று பார்க்க வேண்டும். 1959 அகராதி முதலில் வைத்த பயனின்மை என்ற குணமே உதிர்ந்தது. லாபமில்லாத ஒன்றுக்காக ஒருவன் ராத்திரி கண்விழிப்பான் என்பதை வெளியுலகத்தால் நம்ப முடியவில்லை. ஆகவே திருட வந்திருப்பான் என்று முடிவு செய்துவிட்டது. முந்நூறு பிரதி அச்சடித்துக் கைப்பணத்தைத் தொலைக்கிற நமக்கு இந்தச் சந்தேகப் பார்வை புதிதல்ல.