காமாக் கதிரும் ஒரு மெல்லிய தகடும்

எலெக்ட்ரானை வேகப்படுத்த நீளமான உலோகக் குழாய் வேண்டும். குழாய்க்குள் மின்புலத்தை ஓர் அளவுக்கு மேல் ஏற்றினால் பொறி பறந்து சுவர் சிதையும். 1979-இல் கலிஃபோர்னியாவில் டோஷிகி தஜிமாவும் ஜான் டாசனும் வேறு கணக்குப் போட்டார்கள். பிளாஸ்மா ஏற்கெனவே உடைந்துபோன பொருள். இனி அதில் உடைய என்ன இருக்கிறது? அதற்குள் லேசர் துடிப்பைச் செலுத்தினால், படகுக்குப் பின்னே நீர் எழுவதுபோல மின்புல அலை எழும். அதில் ஏறிக்கொள்ளும் எலெக்ட்ரான் ஒரு சென்டிமீட்டருக்குள் நூறு கோடி எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் பெறலாம்.

கணக்கு சரி, அதற்கேற்ற லேசர்தான் இல்லை. துடிப்பை இழுத்து நீட்டி, வலுவேற்றி, மறுபடி சுருக்கும் உத்தியை 1985-இல் டோனா ஸ்ட்ரிக்லண்டும் ஜெரார் மூரூவும் காட்டினார்கள். 2004-இல் பிரிட்டன், பிரான்ஸ், அமெரிக்கக் குழுக்கள் மூன்றும் ஏறக்குறைய ஒரே ஆற்றல் கொண்ட எலெக்ட்ரான் கற்றைகளை எடுத்துவிட்டன.

இந்த எலெக்ட்ரான்மேல் எதிரிலிருந்து ஒளி மோதினால், திரும்பும் ஒளியின் ஆற்றல் எகிறிவிடும். எலெக்ட்ரானுக்குப் பத்துக் கோடி எலெக்ட்ரான் வோல்ட் இருந்தால், ஒன்றரை எலெக்ட்ரான் வோல்ட் அகச்சிவப்பு ஒளி இரண்டு லட்சத்தைத் தாண்டிக் காமாக் கதிராகும். தொல்லை மோதவைப்பதில்தான். எலெக்ட்ரான் கற்றையும் ஒளியும் சில மைக்ரோமீட்டர் அகலமே. சந்திக்கும் நேரமோ ஃபெம்டோநொடிக் கணக்கு. நொடியை நூறு கோடிக் கூறாக்கி, ஒரு கூறை மீண்டும் பத்து லட்சமாக்கினால் அது ஒரு ஃபெம்டோநொடி. எலெக்ட்ரானை இழுக்க ஒன்று, அதன்மேல் மோத ஒன்று என இரண்டு லேசர்களை இப்படிக் குறிபார்ப்பது ஆய்வாளரின் பொறுமையைத் தின்னும் வேலை.

பாரிஸுக்கு அருகே பாலெசோவில் கிம் தா ஃபுவோக்கின் குழு 2012-இல் வெளியிட்ட வழியில் இரண்டாவது லேசரே இல்லை. பிளாஸ்மா உண்டாகும் வாயுத் தாரைக்குப் பின்னால் ஒரு மெல்லிய தகட்டை வைத்தார்கள், அவ்வளவுதான். எலெக்ட்ரான்களை இழுத்துவந்த அதே துடிப்பின் முன்நுனி தகட்டின் மேற்பரப்பைப் பிளாஸ்மாவாக்குகிறது. அந்தப் பிளாஸ்மா கண்ணாடியாகி மிச்ச ஒளியைத் திருப்பியடிக்க, சற்றே பின்தங்கி வரும் எலெக்ட்ரான்கள் நேராக அதன்மேல் மோதுகின்றன. குறிபார்க்கவே வேண்டாம்! எலெக்ட்ரான் கொத்தே சில ஃபெம்டோநொடி நீளம் என்பதால் பிறக்கும் கதிர்த் துடிப்பும் அவ்வளவு குறுகியதே. கோடிக்கணக்கில் செலவாகும் துறையில் இத்தனை மலிவான யோசனை அபூர்வம். ஒவ்வொரு சுடுதலும் தகட்டைப் பொத்தலாக்கும். நகர்த்திப் புது இடம் காட்டினால் போதும்.

ஆனால் வந்த கதிரில் எல்லா ஆற்றலும் கலந்திருந்தது. வேண்டிய ஆற்றலைத் தேர்ந்தெடுக்க நினைத்த நெப்ராஸ்கா பல்கலைக்கழகக் குழு, தகட்டை விட்டுவிட்டு, இரண்டு துடிப்புகளைக் குறிபார்த்து மோதவிடும் அந்தப் பழைய தலைவலியையே ஏற்றுக்கொண்டது. 70,000 எலெக்ட்ரான் வோல்ட்டிலிருந்து பத்து லட்சத்துக்கு மேல்வரை கதிரின் ஆற்றலை விரும்பியபடி மாற்ற முடிந்தது.